கேஷும் காசும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

ஆங்கிலத்திற் சென்று கலந்த தமிழ்ச் சொற்களைத் தொகுத்துரைப்போர், கட்டுமரம், கறி, சுருட்டு, மிளகுதண்ணீர் என்பவற்றோடு 'காசு' என்பதனையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் நம்மிடையே நெடுநாளாக உள்ள வழக்கமாகும். 'கேஷ்' என்பது 'காசு' என்பதன் திரிபே எனப் பலர் எழுதியும் பேசியும் வருகின்றனர். ஒலி ஒத்துள்ளது, பொருளும் ஒத்துள்ளது, இனி ஐயுறுதற்கு யாது உளது என்பது அவர்தம் கருத்து. யாமும் வகுப்பறையிற் பல ஆண்டுகள் அவ்வாறே கூறி வந்தோம். ஒருநாள் மாணவர் ஒருவர், 'கேஷ் தமிழாயின் கேஷியர் என்பதும் தமிழினின்றே பிறந்ததோ?' என வினவினார். விடையிறுக்க இயலாது நின்றோம். அவ்வினாவே இவ்வாராய்ச்சிக்கு வித்தாயிற்று.

இதற்கு நேர்மாறாகக் கூறுவாரும் உளர். அவர் ஆங்கில அகராதியைப் புரட்டி, 'கேஷ் இலத்தீன் வழி வந்த சொல். தமிழுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை' என முடிவு கட்டி நகைப்பர். அகராதியின் அடுத்த பதிவினையும் அவர் படித்திருப்பாராயின் நகைத்திரார். ஆங்கிலத்தில் 'கேஷ்' என ஒரு சொல் இல்லை; இரு சொற்கள் உள்ளன. எழுத்தும் ஒலியும் ஒன்றாக, பிறப்பு வேறாக நிற்கும் அவ்விரண்டனுள் ஒன்று இலத்தீனுக்கு உரியது. மற்றொன்று நமக்கு உரியது. எது எவர்க்கு உரியது என்பதனை வரையறுத்துக் காட்டுதலே ஈண்டு எம் நோக்கம்.

இன்று உலகெங்கும் வழங்கும் 'கேஷ்' என்பதனை முதற்கண் நோக்குவாம். கடனுக்கும் காசோலைக்கும் மறுதலையாக, கையில் எண்ணிக் கொடுக்கும் பணமே அதன் பொருள். இப்பொருளுக்கு முன்னர் அச்சொல்லுக்கு இருந்த பொருள் 'பெட்டி' என்பதாகும். கொள்ளுதல், பற்றுதல் என்னும் பொருளுடைய 'காப்பெரெ' என்னும் இலத்தீன் வினையினின்று 'காப்சா' என்னும் பெயர் தோன்றிப் பேழையைக் குறித்தது. அது இத்தாலியத்தில் 'காஸ்ஸா' எனவும் பிரெஞ்சில் 'காஸ்', 'கேஸ்' எனவும் திரிந்து, வணிகர் பணம் இட்டுவைக்கும் பெட்டிக்குப் பெயராயிற்று. ஜான் புளோரியோ என்பார் 1598-இல் இலண்டனில் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, 'காஸ்ஸா' என்பதற்குப் பெட்டி என்றும் வணிகரது கேஷ் என்றும் பொருள் கூறுகின்றது. காட்கிரேவ் 1611-இல் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில அகராதியும் அவ்வாறே கூறும். ஏறத்தாழ அக்காலத்திலேயே, பெட்டியிலுள்ள பணத்தையும் அச்சொல் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில் அது பணம் என்னும் பொருளிலேயே வருகின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் பின் பெட்டி என்னும் பொருள் வழக்கிறந்தது. பணம் மட்டும் எஞ்சியது.

இம்மாற்றம் தமிழிலக்கணம் பயின்றார்க்கு விளக்க வேண்டாததொன்று. இடத்தின் பெயர் இடத்திலுள்ள பொருளுக்கு ஆகிவருதல் இடவாகுபெயர். புலவர் பெற்ற 'பொற்கிழி' பொன் முடிந்த துணியை மட்டும் குறிப்பதன்று. நம் கடைத்தெருவில் 'கல்லா' என்பது பணப்பெட்டியின் பெயராயினும், மாலையில் 'இன்று கல்லா எவ்வளவு?' என ஒரு வணிகர் வினவுவாராயின் அவர் பெட்டியின் அளவை வினவவில்லை. இலத்தீனப் பேழை ஆங்கிலப் பணமானதும் இவ்வழியேதான்.

மாணவர் வினாவுக்கு விடை இங்கே கிடைத்துவிடுகின்றது. கேஷியர் என்பவர் பெட்டிக்கு உரியவர். பிரெஞ்சு மொழியின் 'கேஸியே' என்பதனோடும் டச்சு மொழியின் 'காஸியர்' என்பதனோடும் ஒருங்கு வைத்து எண்ணத் தக்க சொல் அது. ஒருவரை இழிவுபடுத்திப் படைத்தொழிலினின்று நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் ஆங்கில வினை இதனின் வேறானது. வெறுமையாக்குதல், உடைத்தல் என்னும் பொருளுடைய வேர்களினின்று வந்தது. முந்திரிக் கொட்டையைக் குறிக்கும் 'கேஷ்யூ' தென்னமெரிக்கத் தூப்பி மொழிக்கு உரியது. ஒலியொப்புமை ஒன்றனையே பற்றி உறவு கற்பிப்பதாயின் இவற்றையும் ஒரு குடும்பத்துள் அடக்க நேரும். மாறாக, ஒலியால் விலகித் தோன்றும் 'கேஸ்', 'காப்சியூல்', 'காசெட்' என்பனவே கேஷ் என்பதன் மெய்யான சுற்றத்தார்.

பெட்டியை அச்சொல் முற்றிலும் மறந்துவிட்டது எனவும் கூறுதற்கில்லை. அமெரிக்க நாட்டு டேட்டன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பார், பணியாளர் பணத்தைக் கவராது காத்தற்பொருட்டு 1879-இல் ஒரு பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு 'கேஷியர்' என்றே பெயரிட்டார். பின்னர் அப்பொறியில் இழுப்பறை ஒன்று சேர்க்கப்பெற்று, இன்று கடைதோறும் காணும் 'கேஷ் ரிஜிஸ்டர்' ஆயிற்று. மூன்று நூற்றாண்டுகட்குப் பின் சொல் தன் பெட்டியோடு மீண்டும் கூடியது. வழக்கின் விந்தைகளுள் மற்றொன்றும் உண்டு. 1728-இல் எடின்பரோவிலுள்ள ஸ்காத்லாந்து அரச வங்கி, வாடிக்கையாளர் தம் கணக்கிலுள்ள தொகைக்கு மேலும் எடுத்துக்கொள்ள இசைந்தது. இம்முறைக்கு வழங்கிய பெயர் 'கேஷ் கிரெடிட்'. நம் வங்கிகளிலும் இன்றளவும் வழங்குகின்றது. ஒன்றற்கொன்று மறுதலையாகிய ரொக்கமும் கடனும் ஒரு தொடராய் நிற்றல் காண்க.

இனி, இரண்டாவது 'கேஷ்'. இது கீழை நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். இச்சொல்லின் வரலாற்றுக்குப் பெருந்துணையாவது, யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதி. அதன்கண் தொகுக்கப்பெற்ற மேற்கோள்களைக் காலமுறைப்படி அடுக்கி நோக்கின் சொல் நடந்த வழி தெளிவாகும்.

இத்தாலியராகிய வர்த்தேமா, 1510-இல் அச்சேறிய தம் பயண நூலில், விசயநகரப் பகுதியில் 'காஸ்' என்னும் நாணயம் வழங்கியதையும், 16 காஸ் ஒரு 'தாரெ' ஆனதையும் குறிக்கின்றார். கள்ளிக்கோட்டையில் ஒரு குரங்கின் விலை நான்கு காசு என்பதும் அவர் தரும் செய்தி. அவர் வாங்கினாரா என்பது நம் ஆராய்ச்சிக்குப் புறம்பு. ஈண்டுக் கருதத்தக்கது, ஈற்று உகரமின்றி அவர் அச்சொல்லை எழுதிய முறையே. 'காசு' நெடிற்றொடர்க் குற்றியலுகரம். தன் மாத்திரையிற் குறைந்து, வருமொழி உயிர் வரின் மெய்யை விட்டு ஓடும் இயல்பினது: காசாணி, காசில்லை. தமிழ்ச் செவியே அரை மாத்திரையாகக் கேட்கும் ஒன்றை அயலார் செவி கேளாது விடுத்தலில் வியப்பில்லை. உகரம் முற்றியலாயிருந்திருப்பின் ஐரோப்பியர் வாயில் அச்சொல் வேறு வடிவம் பெற்றிருக்கும் எனக் கருதுகின்றோம்.

வர்த்தேமா கேட்ட 'ஸ்' என்னும் ஒலி ஆங்கிலத்தில் 'ஷ்' ஆனமைக்குக் காரணர் போர்ச்சுகீசியர். அவர் மொழியில் 'கைஷா' என்பது பெட்டி. மேற்கூறிய காப்சாவின் வழித்தோன்றல். 1498-இல் இந்நாடு போந்த அவர், இங்கு வழங்கிய காசினைக் கேட்டுத் தம் மொழியில் முன்னரே பழகிய 'கைஷா' என்னும் வடிவினுள் அதனை அடக்கிவிட்டனர். ஆகவே இரு சொற்களும் ஒன்றோடொன்று மயங்கியது ஆங்கிலத்தில் முதன்முதல் நிகழ்ந்ததன்று. இலிஸ்பனிலிருந்து வந்த மாலுமிகளும் கணக்கருமே அம்மயக்கத்தைத் தொடங்கியவர்கள். 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றிய பின் கீழ்க்கடற் பகுதியில் கண்ட சிறு நாணயங்களுக்கெல்லாம் அப்பெயரையே வழங்கினர். தமிழ் வணிகர் மலாக்காவில் முன்னரே மிக்கிருந்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இலின்ஷோட்டன் என்னும் டச்சுக்காரர் எழுதிய கீழ்நாட்டுப் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலண்டனில் வெளிவந்தது. சுண்டாப் பகுதியில் 'கைஷா' என்னும் செப்புக்காசு வழங்கியதையும், நடுவே துளையிட்டு ஒரு கயிற்றில் இருநூறும் ஆயிரமுமாகக் கோத்து வைத்ததையும் அந்நூல் விளக்குகின்றது. அது வெளிவந்த ஆண்டு 1598. புளோரியோவின் அகராதி வெளிவந்ததும் அதே நகரில், அதே ஆண்டிலாகும். பெட்டிக்குரிய சொல் இத்தாலிய வணிகர் கணக்கு வழியாகவும், காசுக்குரிய சொல் கீழைக்கடற் பயண நூல் வழியாகவும், ஒன்றையொன்று அறியாமல், ஒரே ஆண்டின் இரு நூல்களில் நிற்கக் காண்கின்றோம். ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம் தோன்றியது 1600-ஆம் ஆண்டின் இறுதி நாளில். மசூலிப்பட்டினத்தில் அது பண்டகசாலை அமைத்தது 1611-இல். சென்னையில் இடம் பெற்றது 1639-இல். குழுமத்தார் தமிழர்பால் காசு என்னும் சொல்லைக் கற்று ஊருக்குக் கொண்டுசென்றமையால் இலண்டன் மக்கள் பணத்தைக் கேஷ் என அழைக்கலாயினர் என்னும் கதை இக்கால அடைவினால் வீழ்கின்றது. காலத்தைக் கருதாது விடினும், பெட்டி என்னும் பொருள் காசுக்கு எக்காலத்தும் இருந்ததில்லை என்பது ஒன்றே போதிய சான்று.

இரு சொற்களையும் வேறு பிரித்தறிய இலக்கணமும் உதவுகின்றது. பணம் என்னும் பொருளிலுள்ள கேஷ் எண்ணப்படாப் பெயர். அதற்குப் பன்மை இல்லை. நாணயம் என்னும் பொருளிலுள்ள கேஷ் எண்ணப்படும் பெயர். ஜப்பானில் ஆங்கிலப் பண்டகசாலையின் தலைவராயிருந்த ரிச்சர்டு காக்ஸ், 1621-இல் தம் நாட்குறிப்பில் செப்புக்காசுகளை வாரி இறைத்த செய்தியை எழுதுங்கால் அதனைப் பன்மை ஈறு கொடுத்தே எழுதினார். பின்னர் 'இருபது கேஷ்' எனப் பன்மை ஈறின்றி எழுதியபோதும் எண்ணுப்பெயர் முன்னே நிற்றலைக் காணலாம்.

சென்னைக் குழுமத்தார் கணக்கு, வராகன், பணம், காசு என மூன்று பத்திகளில் எழுதப்பெற்றது. 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு நட்சத்திர வராகன்; எனவே வராகன் ஒன்றுக்கு 3,360 காசு. லாக்கியர் என்பார் 1711-இல் எழுதிய வணிக நூல், பத்துக் காசு ஒரு துட்டு, எட்டுத் துட்டு ஒரு பணம் என இடைப்பட்ட வாய்பாட்டையும் தருகின்றது. கையிருப்பு ரொக்கத்தைக் குறிக்க எழுத்தர் ஒருவர் 'கேஷ்' என எழுதுவார். அதன் எதிரே மூன்றாம் பத்தியின் தலையிலும் 'கேஷ்' என எழுதுவார். எழுத்து ஒன்றே, முன்னது இலத்தீன், பின்னது தமிழ். தமக்குள் வேறுபாடு உண்டென அவர் எண்ணியிரார். பிற்காலத்தார் மயங்கியதற்கு அவரைக் குறைகூறி என் பயன்?

ஆங்கிலேயரைப் போலன்றிப் பிறர் இவ்விரண்டனையும் மயங்காது வைத்திருந்தனர் என்பது எம் கூற்றுக்கு அரண் செய்யும். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியர், தம் நாணயங்களில் 'காஸ்' எனப் பொறித்தனர். அவர் மொழியில் பெட்டி 'காஸ்ஸெ'. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்க்குக் காசு 'காஷ்', பணப்பெட்டி 'கேஸ்'. கேஷ் என்பது முழுதும் தமிழே எனின், தமிழகத்திலேயே வாழ்ந்து வாணிகம் செய்த இவ்விரு சாராரும் பெட்டிக்கும் காசுக்கும் வெவ்வேறு சொல் வழங்கியது எவ்வாறு?

இவை யாவற்றினும் சிறந்த சான்று ஒன்று செம்பிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. பர்மிங்காம் நகரின் அருகே மாத்யூ போல்டன் நடத்திய சோகோ அக்கசாலையில், சென்னை மாகாணத்தின் பொருட்டு 1803-இலும் 1808-இலும் செப்புக்காசுகள் அடிக்கப்பெற்றன. இருபது காசு நாணயத்தின் ஒரு புறம் குழுமத்தின் சின்னம். மறுபுறம், இருபது காஸ் நான்கு பலூஸ் ஆகும் எனப் பாரசீக எழுத்தில் ஒரு தொடர். அதன் கீழ் உரோம எண்ணும் 'கேஷ்' என்னும் ஆங்கிலச் சொல்லும். பாரசீகத்தில் ஸகரத்தோடும் ஆங்கிலத்தில் ஷகரத்தோடும், நம் காசு ஒரே நாணயத்தில் இருமுறை நிற்கின்றது. இரண்டாவது கேஷ் தமிழே என்பதற்கு இதனின் மேற்பட்ட ஆவணம் வேண்டுவதில்லை. 1808-ஆம் ஆண்டுக் காசுகளுட் பெருந்தொகையை ஏற்றிக்கொண்டு சென்னை நோக்கிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் ஆங்கிலக் கரையை விட்டு அகலுமுன்னரே குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கியது. 1980-களில் அவை மேலே எடுக்கப்பெற்றபோது, சென்னையில் காசு வழக்கொழிந்து ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது. தமிழகத்தில் ஒரு நாளும் செலவாகாத அத்தமிழ்க்காசுகள் நாணயம் சேர்ப்போர் பேழைகளில் இன்று உள்ளன.

இக்காசு தன் பிறந்தகத்தில் வாழ்ந்த வாழ்வைச் சிறிது கூறாது செல்லுதல் கூடாது. குறுந்தொகையின் 67-ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த வாயிற் கொண்ட வேப்பம்பழத்துக்கு, புதிய நூல் கோக்கும் பொற்கொல்லன் தன் கூரிய நகத்திற் பற்றிய பொற்காசு உவமையாகின்றது. ஆண்டுக் காசு அணிகலத்தின் உறுப்பு. இன்றும் காசுமாலை என்கின்றோம். முதல் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் அது பொன் நாணயம். கழஞ்சிற் பாதி எடையினது என்றும், 12 அக்கம் கொண்டது என்றும் அறிஞர் கணக்கிட்டுள்ளனர். கோயிலில் இட்ட முதலுக்குக் காசு ஒன்றுக்கு ஆண்டுப் பலிசை அரைக்காற் காசு. பொன்னாயிருந்த அது காலப்போக்கில் செம்பாகி, வராகனில் 3,360-இல் ஒரு கூறாக வந்து நின்றது. யாப்பு நூலார் வெண்பாவின் ஈற்றுச் சீர்க்கு நாள், மலர், காசு, பிறப்பு என வாய்பாடு வகுத்தனர்; அங்கு மட்டும் அதன் மதிப்புக் குறையவில்லை.

அரசியல் வழக்கில் அதற்கு முடிவு 1818-இல் நெருங்கியது. அவ்வாண்டு சென்னை மாகாணத்துக்கு வெள்ளி உரூபாய் நிலையான நாணயமாக்கப்பெற்று, வராகனும் பணமும் காசும் கணக்கேட்டினின்று மறையத் தொடங்கின. திருவிதாங்கூரில் மட்டும் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு உரூபாய் என்னும் பழைய வாய்பாடு 1949 வரை உயிரோடிருந்தது. சீன நாட்டுச் சதுரத்துளைச் செப்புக்காசுகளை நாணய நூலார் இன்றும் 'கேஷ்' என்றே அழைக்கின்றனர். சீனர் தம் மொழியில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்க, ஆங்கில நூல்கள் அதனைத் தமிழ்ப்பெயரால் வழங்குவது ஆங்கிலம் படிப்போரும் அறியாத செய்தி. நாம் பெருமைகொள்ள விரும்பின், உரிமையில்லாத கேஷ் என்பதனை விடுத்து, உரிமையுள்ள இதனைக் கூறிப் பெருமை கொள்ளலாம்.

இற்றைத் தமிழ்ப் பேச்சில் வங்கியிலும் கடையிலும் 'கேஷ்' என வழங்குவதோ முதற் சொல்லாகிய இலத்தீனப் பெட்டி. 2016 நவம்பர் 8-ஆம் நாள் 500, 1000 உரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பெற்ற பின், 'கேஷ்லெஸ்' என்னும் எதிர்மறை வடிவமும் நம் செய்தித்தாள்களில் நிலைபெற்றுவிட்டது. அதனைக் 'காசில்லா' எனப் பெயர்த்தாரும் உளர். ஆயின் 'காசில்லை' என்பது தமிழில் வறுமையைக் குறிக்கும் தொடராதலின் 'ரொக்கமில்லா' என்றே பலரும் எழுதலாயினர். எழுத்தர் தம் ஏட்டில் ஒன்றாக எழுதிய இரு சொற்களை, ஒரு மொழிபெயர்ப்பின் இடர்ப்பாடு இவ்வாறு மீண்டும் பிரித்து வைத்துள்ளது.